நெத்திலியும் இரண்டு திமிங்கிலங்களும்

பொங்னே அம்மாளின் அடக்க ஆராதனைக்குள் கைத்தட்டிப் பாடுகிற பாட்டு ஒன்று நுழைந்திருந்தது.

பொங்னே அம்மாள் அதைப் பற்றித் துளியும் வருத்தப்படவில்லை. அந்த நேரத்தில் அவர் சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்காக மலைபோல் குவிந்திருந்த முட்டைக்கோஸுக்கு உப்புத் தடவிக்கொண்டு, சுற்றியிருந்த பெண்களையெல்லாம் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தார். நல்ல தேகசௌக்கியம்.

மேல்மாடி அலுவலகத்தில் போதகர் யோம் தேஜின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி திரையைப் பார்த்தார். பாட்டு போகவில்லை.

"மிசோன்! இங்க வா! சீக்கிரம்!"

அவர் மனைவி மிசோன் முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறையும், கையுறை முழுக்க மிளகாய் விழுதுமாக ஓடி வந்தாள்.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"பொங்னே அம்மாவோட அடக்கத்துல யாரோ பாட்டை மாத்திட்டாங்க."

"அந்தம்மா கீழ என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. இஞ்சி ஜாஸ்தியாப் போயிடுச்சாம்."

"உஷ்! சத்தம் போடாதே. கதவைச் சாத்து."

கதவைச் சாத்த வேண்டிய விஷயம்தான். அந்தக் கணினியில் போதகர் ஒரு வேதாகம மென்பொருள் வைத்திருந்தார். மூலமொழி ஒரு சன்னலில், கொரிய வேதம் ஒரு சன்னலில், விளக்கவுரை, வரைபடம், பாட்டு, குறிப்பு என்று திரையில் எத்தனை சன்னல் வேண்டுமானாலும் திறந்து, பிடித்த மாதிரி அடுக்கி, அந்த அடுக்குக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். பெயரைத் தொட்டால் போதும், எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நிற்கும். ஒரே அறையில் வேலைக்கு ஒன்றாக மேசை போட்டு வைத்த மாதிரி. போதகரும் அதை மேசை என்றுதான் சொல்வார். அதிகாலை ஜெபத்துக்கு ஒரு மேசை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, வீடு வீடாகப் போய்ச் சந்திப்பதற்கு ஒன்று. இவ்வளவும் நியாயம்.

இதற்கு மேல் அவர் சபையின் மூத்தவர்கள் அத்தனை பேருக்கும், ஆளுக்கு ஒன்றாக, அடக்க மேசை போட்டு வைத்திருந்தார். அவர்களில் ஒருவரும் இன்னும் சாகவில்லை.

அதற்கும் காரணம் இருந்தது. தோங்யோங் கடற்கரையில் குளிர்காலம் சிப்பிக்கு நல்லது, வயசானவர்களுக்கு ஆகாது. ஒருவர் போய்விட்டால் மூன்றாம் நாள் அடக்கம். அதற்குள் வீட்டாருக்கு ஆறுதல் ஆராதனை, பெட்டியில் வைக்கும்போது ஒன்று, புறப்படும்போது ஒன்று, மலையில் இறக்கும்போது ஒன்று. போன குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு சாவு. போதகர் அவசரத்தில் மேசை மாறி, கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு மீனவரைப் பற்றி, "மனைவியின் கையை ஒருநாளும் விடாதவர்" என்று உருகிப் பேசிவிட்டார். இறந்தவரின் தங்கை எழுந்துபோய்ப் பெட்டியைத் தட்டி, "அண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று அழுதது ஊர் முழுக்கத் தெரியும்.

அன்றைக்கே அவர் தீர்மானம் செய்தார். இனி எல்லாம் முன்கூட்டியே தயார். படத்துக்கும் பஞ்சமில்லை. வசந்தத்தில்தான் சபையில் மூத்தவர்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து, 'நீண்ட ஆயுள் படம்' என்று ஆளுக்கொரு படம் எடுத்திருந்தார்கள். பெயர்தான் நீண்ட ஆயுள். பயன்படுவது ஆயுள் முடிந்த பிறகு. படத்தை முன்கூட்டி எடுத்து வைப்பது இங்கே மரியாதை. ஆனால் அதற்குக் கறுப்பு நாடா கட்டி, பக்கத்தில் பிரசங்கமும் எழுதி வைப்பது அப்படியல்ல. யாராவது பார்த்தால், போதகர் எப்போது எப்போது என்று காத்திருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

அதுவும் இந்த வாரம் பார்க்கவே கூடாது. பெரிய போதகர் ஓய்வு பெறுகிறார். உதவிப் போதகரான யோமை அவர் இடத்தில் அமர்த்துவதா என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பிறகு சபையில் ஓட்டெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு விழவேண்டும். விழாவிட்டால், வழக்கப்படி வருகிற புதியவருக்கு இடைஞ்சலாக இல்லாமல் ஊரை விட்டே கிளம்பவேண்டும். சபை கொடுத்த வீட்டையும் காலி செய்யவேண்டும்.

"ஓட்டு விழலைன்னா இந்தக் கிம்ச்சியை எல்லாம் எந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போறது?" என்றாள் மிசோன். "குளிர்ப்பெட்டியை நாலு பேர் தூக்கித்தான் மாடி ஏத்தினாங்க. அதை விடுங்க, பிரசங்கம் எழுதிட்டீங்களா?"

"ஞாயிற்றுக்கிழமை மேசையை ஒழுங்கு பண்ணிட்டேன்னா எழுத ஆரம்பிச்சுடுவேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

போதகர் பொங்னே அம்மாளின் பாட்டைப் பழையபடி உருக்கமான பாட்டாக மாற்றிச் சேமித்தார்.

மறுநாள் அதிகாலை ஜெபம். பொதுஜெபம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அவரவர் தனியாக ஜெபிக்கலாம். இருட்டில் ஒவ்வொரு கிழட்டு முகத்துக்கும் கீழே கைப்பேசியின் சின்ன வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் போதகருக்கு மனசு நிறைந்தது. மூத்தோர் வகுப்பில் அத்தனை கைப்பேசியிலும் தன் மென்பொருளின் பெரிய எழுத்து வேதத்தைப் போட்டுக் கொடுத்தது அவர்தான். ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது என்று எல்லாவற்றிலும் தன் பெயரையும் தன் கடவுச்சொல்லையுமே அடித்து உள்ளே நுழைத்துக் கொடுத்தார். ஒரு வருஷம் வகுப்பெடுத்தும் பொங்னே அம்மாள் படம் எடுத்தால் தன் மூக்கைத்தான் எடுப்பார். ஆனாலும் வேதம் வாசிக்கிறார்களே!

அந்த மகிழ்ச்சியோடு மாடியேறி மேசையைத் திறந்தார். கைத்தட்டல் பாட்டு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. அதோடு குறிப்புச் சன்னலில் புதிதாக ஒரு வரி: 'மூத்த மருமகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.'

போதகர் அதை இரண்டு தடவை வாசித்தார். அடுத்த மேசையைத் திறந்தார். மூப்பர் கில்லின் மேசை. அங்கே சங்கீதம் இருந்த இடத்தில் பவுலின் கப்பல் உடைந்த கதையும், மத்தியதரைக் கடலின் வரைபடமும் திறந்திருந்தன.

சரியாக அந்த நேரத்தில் கதவைத் தட்டாமல் மூப்பர் கில்லே உள்ளே வந்தார்.

மூப்பர் கில் தீவுகளுக்குப் படகு விட்ட கப்பல் தலைவர். ஓய்வு பெற்றும் சபையைக் கப்பலாகத்தான் நடத்தினார். ஒல்லியாக, விறைப்பாக, காயவைத்த மாதிரி இருப்பார். அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் சபையும் அந்தப் பக்கம் சாயும். அந்த மீனவரின் அடக்கத்துக்குப் பிறகு, "ஒழுங்கு போதாது" என்று அவர் சொன்ன இரண்டு வார்த்தை போதகரின் வயிற்றில் இன்னும் கரையாமல் கிடந்தது.

போதகர் பாய்ந்து திரையில் எபிரேய எழுத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாங்க மூப்பரய்யா. ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தேன்."

மூப்பர் எபிரேயத்தைப் பார்த்தார். எபிரேயமும் அவரைப் பார்த்தது.

"போதகரே, அடக்கப் பிரசங்கம் எவ்வளவு நேரம் பண்ணுவீங்க?"

"அது... இறந்தவரைப் பொறுத்தது ஐயா."

"இறந்தவருக்கு நீட்டி முழக்குறது பிடிக்காதுன்னா?"

"அப்போ... சுருக்கிக்கலாம்."

"ம்" என்றார் மூப்பர். "மலைமேல காத்து அடிக்கும். வந்தவங்க நிக்கணும்ல." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போதகர் கதவைத் தாழிட்டார். மென்பொருள் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தார். எடுத்தது ஓர் இளம்பெண். குரலில் சர்க்கரை.

"வாடிக்கையாளரய்யா, என்ன உதவி வேணும்?"

"நான் வச்ச மேசை வச்சபடி இருக்க மாட்டேங்குதும்மா. பாட்டு மாறுது. தானா வரைபடம் திறக்குது. எங்க சபையில ஒரு அம்மாவுக்கும் அவங்க மருமகளுக்கும் ஆகாது. அதுகூட உங்க மென்பொருளுக்குத் தெரிஞ்சிருக்கு!"

அந்தப் பெண் தன் முன்னால் இருந்த தாளில் தேடுகிற சத்தம் கேட்டது.

"புதுப் பதிப்புல கற்றுக்கொள்ளும் உதவி சேர்த்திருக்கோம் ஐயா. நீங்க எழுதுறதைப் படிச்சு உங்க தேவையை அதுவே புரிஞ்சுக்கும்."

"மருமகள் விவகாரத்தையுமா?"

"வாடிக்கையாளரோட எல்லாத் தேவையையும், ஐயா."

போதகர் தொலைபேசியை வைத்தார். அப்புறம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். ஆமாம்! பொங்னே அம்மாள் மருமகளைப் பற்றி அழுததை வீட்டுச் சந்திப்பு மேசையில் அவர்தானே எழுதி வைத்தார்? கில் கப்பல்காரர் என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்துத்தான் கப்பல் கதையையும் வரைபடத்தையும் எடுத்து வைத்திருக்கிறது! கீழே ஓடினார்.

"மிசோன்! அது யோசிக்குது!"

"எது?"

"மென்பொருள்! மூப்பருக்குக் கப்பல் கதை எடுத்து வச்சிருக்கு! எனக்கே தோணலையே!"

"உங்களுக்குப் பிரசங்கமும் எழுதிக் குடுக்குமான்னு கேளுங்க."

ஆனாலும் கைத்தட்டல் பாட்டை அவரால் ஏற்க முடியவில்லை. அடக்கத்தில் கைத்தட்டுவதா? உதவி என்றாலும் ஓர் அளவு வேண்டாமா? மென்பொருளில் சின்னச் சங்கிலிப் படம் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் மேசைகள் ஒன்றோடொன்று கட்டுண்டுவிடும். ஒன்றில் பாட்டை மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். ஒன்றின் முடிவில் தட்டினால் அடுத்தது வரும். அத்தனை அடக்க மேசைகளையும் சங்கிலியால் கட்டி, ஒரே தட்டில் எல்லாவற்றுக்கும் உருக்கமான பாட்டை வைத்தார். இனி ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி.

அப்படியேதான் ஆயிற்று. விடிந்தபோது சபையின் மூத்தவர்கள் அத்தனை பேரையும் கைத்தட்டிப் புதைப்பதற்கு எல்லாம் தயாராக இருந்தது.

அன்று மாடிப்படியில் மூப்பர் கில் எதிர்ப்பட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"போதகரே, ஒரு கப்பலுக்கு ரெண்டு தலைவர் இருக்கக் கூடாது."

"இல்லைங்க ஐயா. பெரிய போதகர் இருக்கிற வரைக்கும் நான் எதுலயும் தலையிடுறதில்லை."

"அவரை யார் சொன்னா?" என்று மூப்பர் இறங்கிப் போனார்.

போதகர் மறுபடி ஒரே தட்டில் எல்லா மேசையிலும் பாட்டைத் திருத்தினார். பொங்னே அம்மாளின் மேசையில் மட்டும் குறிப்புச் சன்னலைத் திறந்து கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இது அடக்க ஆராதனை. கைத்தட்டல் கூடாது.'

மறுநாள் காலையில் அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

'கூடும்.'

போதகர் அலறிவிட்டார். மிசோன் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"பதில் சொல்லுது! மிசோன், பதில் சொல்லுது! பாரு!"

மிசோன் பார்த்தாள். "நம்ம வீட்டுல இதுவாவது உங்ககிட்ட எதிர்த்துப் பேசுதே" என்றாள். ஆனால் அவளும் திரையை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் நின்றாள்.

போதகர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'யார் நீ?'

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிப்பிக் கஞ்சி ஆறிப் போயிற்று. இரவு புரண்டு புரண்டு படுத்து, அதிகாலை ஜெபத்தை வழக்கத்தைவிட வேகமாக முடித்து, விளக்கை அவரே ஓடிப்போய் அணைத்துவிட்டு மாடிக்குப் பறந்தார். பதில் வந்திருந்தது.

'நீ யார்?'

அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். கண்ணில் நீர் முட்டியது. நீ யார்! எவ்வளவு பெரிய கேள்வி! புயலில் கப்பல்காரர்கள் யோனாவைச் சூழ்ந்துகொண்டு கேட்டதும் இதைத்தானே? நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று? தூங்கிக்கொண்டிருந்த யோனாவை எழுப்பிக் கேட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த தன்னை ஓர் இயந்திரம் எழுப்பிக் கேட்கிறது! சட்டென்று ஞாயிற்றுக்கிழமை மேசையைத் திறந்தார். யோனா கதை, கடல் படம், பெரிய எழுத்தில் 'நீ யார்?' என்ற தலைப்பு. கடலில் யோனாவை விழுங்கிய பெரிய மீனை நினைத்து, மேசைக்குத் 'திமிங்கிலம்' என்று பெயர் வைத்தார். மதியத்துக்குள் பிரசங்கம் முழுக்க எழுதி முடித்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, சனிக்கிழமைக்கு முன்னால்.

"எழுதிட்டீங்களா?" மிசோனால் நம்ப முடியவில்லை. "நிஜமாவா? தலைப்பு மட்டும் இல்லையே?"

"முழுசா! படிக்கிறேன் கேளு!"

படித்தார். மிசோன் கேட்டாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "இது நல்லா இருக்குங்க" என்றாள் மெதுவாக. "இதை மட்டும் ஒழுங்காச் சொல்லிட்டீங்கன்னா நாம இங்கயே இருக்கலாம்."

அந்த வார்த்தைதான் போதகரைப் பயமுறுத்தியது. ஒழுங்காக! ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து திரையை ஓட்டப் போகிறவள் மிசோன். இதே கணினிதான். மேசைகளின் பெயர்ப் பட்டியல் ஒரு நொடி திரையில் தெரிந்தால்கூட, 'மூப்பர் கில் - அடக்கம்' என்று ஊரே வாசிக்கும். ஆகவே அடக்க மேசைகளுக்கெல்லாம் மீன் பெயர் வைத்து மறைத்தார். பொங்னே அம்மாள் 'சிப்பி' ஆனார். காது கேளாத பாடகர் குழுத் தாத்தா 'நண்டு' ஆனார். மூப்பர் கில்லைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒல்லி, விறைப்பு, காய்ந்த உடம்பு. 'நெத்திலி' என்று வைத்தார்.

சனிக்கிழமை காலை பட்டியலைப் பார்த்தார். நெத்திலியைக் காணோம். திமிங்கிலம் இரண்டு இருந்தது.

"பாரேன் மிசோன்! ஞாயிற்றுக்கிழமை மேசையை நகல் எடுத்து வச்சிருக்கு! ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு!"

"நெத்திலி எங்க?"

"தேவையில்லாததுன்னு தூக்கிப் போட்டிருக்கும். நல்லதாப் போச்சு."

அவர் அவ்வளவு உற்சாகத்தில் இருந்தார். இரண்டாவது திமிங்கிலத்தைத் திறந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. தீவுகளிலிருந்தெல்லாம் முதல் படகில் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மூப்பர் கில் இஸ்திரி போட்ட சட்டையில் கம்பமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் பின்னால் பொங்னே அம்மாள், விசேஷங்களுக்கு மட்டும் உடுத்தும் ஊதா ஹன்போக்கில்.

போதகர் தொடங்கியதும் சபை அசையவில்லை. புயலை எழுப்பினார். கப்பலை ஆட்டினார். முன்வரிசையில் மூப்பர் இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தார். இதோ வருகிறது, இதுதான் அந்த இடம். கையை உயர்த்தி, மிசோனுக்கு அடையாளம் காட்டி, முழங்கினார்.

"இன்றைக்கும் அந்தக் கேள்வி நம் முன்னால் நிற்கிறது. பாருங்கள்! நீ யார்?"

மிசோன் திமிங்கிலத்தைத் தொட்டாள்.

திரை முழுக்க மூப்பர் கில் வந்தார். நீண்ட ஆயுள் படம். ஓரத்தில் கறுப்பு நாடா. கீழே, 'நம்மை விட்டுப் பிரிந்த அன்பு மூப்பர்.'

சபையில் ஒரு குழந்தை விக்கிய சத்தம் கேட்டது.

முன்வரிசையில் உயிருள்ள மூப்பர் தலையை நிமிர்த்தி இறந்த மூப்பரைப் பார்த்தார். மிசோன் பதறி, மூடுவதற்குப் பதிலாக அடுத்ததைத் தட்டினாள். அங்கேதான் சங்கிலி தன் வேலையைச் செய்தது. சிப்பி வந்தது. பொங்னே அம்மாள் கறுப்பு நாடாவுக்குள்ளிருந்து புன்னகைத்தார். பின்னணியில் கைத்தட்டல் பாட்டு தானாகத் தொடங்கியது. மறுபடி தட்டினாள். நண்டு வந்தது. தட்டத் தட்ட ஒவ்வொருவராக, நாடா கட்டி, வரிசையாக, சபையின் மூத்தவர்கள் அத்தனை பேரும் கைத்தட்டலோடு பரலோகம் போனார்கள்.

இளையவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூத்தவர்கள் மட்டும் விநோதமாக, கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, அவரவர் முறை வந்ததும் தலையை மெல்ல அசைத்துக்கொண்டார்கள். நண்டுத் தாத்தா தாளம் போட்டார்.

மிசோன் கடைசியில் மின்கம்பியையே பிடுங்கிவிட்டாள். திரை அணைந்தது.

போதகர் பிரசங்கமேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர்ப்பெட்டியை மாடியிலிருந்து இறக்க யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு யோசனை குறுக்கே ஓடியது.

"போதகரே" என்றார் மூப்பர் கில், உட்கார்ந்தபடியே. "யோனா இன்னும் தண்ணியிலதான் கிடக்கான். கரை சேத்து விடுங்க."

போதகர் கரை சேர்த்தார். எப்படிச் சேர்த்தார் என்று அவருக்கே தெரியாது.

ஓட்டெடுப்பு நடந்தது. போதகரும் மிசோனும் வழக்கப்படி வெளியே போய் நின்றார்கள். கடற்காற்று காதை அறுத்தது.

"மன்னிச்சுக்கங்க" என்றாள் மிசோன். "ரெண்டு திமிங்கிலம் இருந்துச்சு. எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தப்பு உன்னுது இல்ல. அத்தனை பேரையும் உயிரோட புதைச்சது நான்தான்."

"போற ஊர்ல இஞ்சி கம்மியாப் போடுறேன்" என்று மூக்கை உறிஞ்சினாள் அவள்.

கதவு திறந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். மூப்பர் கில் மேடையில் நின்றிருந்தார். கையில் முடிவு எழுதிய சீட்டு. அதைப் பார்க்காமலே பேசினார்.

"கப்பல் ஓட்டினவனுக்குத் தெரியும். கிளம்பற நேரத்துல கயிறு தேடுறவன் தலைவன் இல்லை. எல்லாம் முன்னாடியே கட்டி வச்சிருக்கணும். இந்தப் போதகருக்கு ஒழுங்கு போதாதுன்னு நான் சொன்னேன். திருப்பி வாங்கிக்கிறேன். நம்ம ஒவ்வொருத்தருக்கும் அவர் தனித்தனியா மேசை போட்டு வச்சிருக்காரு. வெளியூர்லேர்ந்து இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்தா எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அது முடியற வரைக்கும் நம்மள்ல ஒருத்தரும் நிம்மதியா சாக முடியாது."

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லாரும் சரின்னுட்டாங்க. அந்த ஏழெட்டும் சின்னப் பசங்களா இருக்கும். அவங்களுக்கு இன்னும் மேசை போடலைல்ல."

மிசோன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். போதகர் எல்லோருக்கும் தலை தாழ்த்தினார், தாழ்த்திக்கொண்டே இருந்தார்.

கீழ்த்தளத்தில் சாப்பாடு. சூடான நூடுல்ஸ், அந்த வாரம் போட்ட கிம்ச்சி, தட்டுத் தட்டாகச் சிப்பி. போதகர் மேசைக்கு மேசை போய் நன்றி சொன்னார். நெஞ்சு பொங்கிக்கொண்டிருந்தது. அந்த அருமையான இயந்திரத்தைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. பொங்னே அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

அதற்குள் பொங்னே அம்மாள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மறு கையில் கைப்பேசி இருந்தது. அதன் திரையில், பெரிய எழுத்தில், சிப்பி மேசை திறந்திருந்தது.

"போதகரே, இனிமே நீங்கதான் இங்க பெரியவரு, அதனால உங்ககிட்ட சொல்றேன்: நாங்கல்லாம் காலங்காத்தால கண்ணு வலிக்க உக்காந்து அவங்கவங்க சாவை ஒழுங்கு பண்ணி வச்சா, எவனோ ஒருத்தன் தினம் உள்ள பூந்து அத்தனையையும் பழையபடி கலைச்சு வச்சுட்டு, 'யார் நீ'ன்னு எங்களையே கேக்குறான், அந்தப் பாவி யாருன்னு கொஞ்சம் கண்டுபிடிங்க!"